ஆறு கட்டையும் விடிய விடியத் தோடியும்

எம்.டி. ராமநாதனை நேரில் கேட்டிருப்பதாகச் சொல்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நாள் சாயங்காலம் கிளம்பி வந்தால் தேனாம்பேட்டை காமராஜர் அரங்கம் கொள்ளாது; அண்ணா சாலையில் போக்குவரத்தே நின்றுவிடும். அவர் பாடிக்கொண்டிருந்த நாளில் நிலைமை வேறு. அந்த மந்தர சாரீரமும் அவசரமே இல்லாத காலப்பிரமாணமும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. 1984இல் அவர் மறைந்தார். கேசட் பரவியது, குறுந்தகடு வந்தது, பிறகு யூடியூப் வந்தது. ரசிகர் கூட்டமும் பெருகியது. பெருகிய கூட்டத்தில் ஒரு பகுதி, காலப்போக்கில், நேரில் கேட்ட கூட்டமாகவும் ஆகிவிட்டது.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பா கேட்டு வந்து சொன்னது, பெரியப்பா பண்டிகைக்குப் பண்டிகை சொன்னது, டேப்பில் கேட்டது, பத்திரிகையில் படித்தது எல்லாம் ஐம்பது வருஷத்தில் கலந்து 'நான் கேட்டேன்' என்று ஆகிவிடுகிறது. பிரெடரிக் பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர் 1932இலேயே நினைவைப் பற்றி எழுதிய நூலில் இதைச் சொல்லிவிட்டார்: ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மனிதர்கள் கதையைப் புதிதாகக் கட்டுகிறார்கள், தங்களுக்குப் பழகிய அச்சுக்கு ஏற்ப அதன் ஓரங்களைத் தேய்க்கிறார்கள். நம் கச்சேரி நினைவுகளில் அப்படித் தேய்ந்து பளபளப்பாகிப்போனவை சிலவற்றை எடுத்து, ஆண்டுக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

"ஜி.என்.பி.யை உச்சத்தில் கேட்டவன் நான்"

ஜி.என். பாலசுப்பிரமணியம் பிறந்தது 1910. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் உற்சவத்தில் முசிறி சுப்பிரமணிய ஐயர் வர முடியாமல்போக, 1928இல் அவருக்குப் பதிலாக உட்கார்ந்து பாடித்தான் இந்தப் பையன் பெயர் வாங்கினான். அந்தப் பிருகா சாரீரம் ஊரைக் கிறுகிறுக்க வைத்தது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும். 1965இல் காலமானார்.

விரல் விட்டு எண்ணினால் போதும். 1940இல் இருபது வயதில் அவரைக் கேட்ட ஒருவருக்கு இன்றைக்கு நூறு தாண்டியிருக்க வேண்டும். இப்போது எண்பது வயதில் இருப்பவர் அவரைக் கேட்டிருந்தால், அரை நிஜார் போட்ட பையனாக, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, ஜி.என்.பி.யின் கடைசிப் பத்தாண்டில் கேட்டிருப்பார். அந்தப் பத்தாண்டில் சாரீரம் பழையபடி ஒத்துழைக்கவில்லை என்பதை அவருடைய தீவிர அபிமானிகளே மறுப்பதில்லை. கற்பனையும் வித்வத்தும் குறையவில்லை என்று சேர்த்துச் சொல்வார்கள், அதுவும் சரிதான்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. அவர் 1890இல் பிறந்தவர். ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வசதியுள்ள ரசிகர்கள் வீட்டுக்கு வந்தது ஏறக்குறைய ஐம்பதுகளில். அப்போதே அவருக்கு அறுபது. ஆக, இன்று நாம் 'அரியக்குடி பாணி' என்று காதால் அறிந்திருப்பது பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய மனிதரின் குரல். முப்பது வயது அரியக்குடி எப்படிப் பாடினார் என்பதற்கு, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடும் கிராமபோன் தட்டுகளையும் அந்நாளில் எழுதப்பட்டவற்றையும் விட்டால் வேறு சாட்சி இல்லை.

டேப்பிலும் ஒரு சூது உண்டு. தேனாம்பேட்டையில் ஒரு பெரியவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய கேசட் ஒன்றைப் பார்த்தேன். லேபிளில் பச்சை மசியில் 'ஜி.என்.பி. - கல்யாணக் கச்சேரி' என்று இருந்தது. வருஷம் எழுதும் இடத்தில் ஒரு கேள்விக்குறி. பக்கவாத்தியக்காரர்கள் பெயர் இல்லை. போட்டுக் கேட்டால், பிரதான உருப்படி முடிந்து மிருதங்கம் தனி தொடங்குகிறது, இரண்டு ஆவர்த்தனம், 'டக்'. அடுத்து வருவது விருத்தம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டே வளர்ந்தவர்கள். "அவர் தனிக்கு நேரமே கொடுக்க மாட்டாராமே" என்று அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். தனி தொடங்கியதும் டேப்பை நிறுத்துவது அந்நாளில் ஒலிப்பதிவு செய்தவர்கள் பலருடைய வழக்கம். ஸ்பூல் விலை அப்படி; பாட்டுக்கு இடம் வேண்டும். மிச்சம் பிடித்தவர் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்த மாமா. பழி வந்து விழுந்தது பாடகர் மேல்.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. பாப் டிலன் 1966இல் மின்சார கிதாரோடு இங்கிலாந்தில் பாடியபோது, சபையிலிருந்து ஒருவர் "யூதாஸ்" என்று கத்தினார். அது நடந்தது மே 17ஆம் தேதி, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில். ஆனால் திருட்டுத்தனமாக வெளிவந்த தட்டுகளில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று அச்சாகிவிட்டது. பல ஆண்டுகள் உலகம் அதையே நம்பியது. 1998இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டபோதும் அந்தத் தவறான பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டே வெளியிட்டார்கள். அந்தப் பெயரில்தான் ஜனங்களுக்கு அது தெரியும். கத்தியது நான்தான் என்று இரண்டு பேர் உரிமை கொண்டாடியது தனிக் கதை.

"அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஆறு கட்டை"

எஸ்.ஜி. கிட்டப்பாவிலிருந்து இந்தப் பேச்சு தொடங்கும். பேசட்டும். நாடக மேடையில், ஒலிபெருக்கி இல்லாமல், கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் வசனமும் பாட்டும் கேட்க வேண்டும். உச்ச ஸ்தாயி அங்கே தொழில் தேவை. கிட்டப்பாவுக்கு அது இயல்பாகவே வாய்த்திருந்தது. கூட நடித்த கே.பி. சுந்தராம்பாளுக்கும் வாய்த்திருந்தது. சந்தேகம் அவர்களைப் பற்றியது இல்லை. 'எல்லாரும்' என்ற சொல்லைப் பற்றியது.

பழைய தட்டைக் கேட்டுக் கட்டை சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது பெயரளவில்தான். பதிவு செய்த இயந்திரங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடியதில்லை. வீட்டில் இருந்ததோ சாவி கொடுக்கும் பெட்டி. வில் தளரத் தளரச் சுருதி இறங்கும். 78க்குப் பதிலாக 82, 83 சுற்று ஓடினால் போதும், கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். பின்னாளில் அதைக் கேசட்டுக்கு மாற்றியவர் வேகத்தைச் சரிபார்த்தாரா, கேசட்டைக் கணினிக்கு ஏற்றியவர் பார்த்தாரா? இந்த மூன்று கைகளையும் தாண்டி வந்த சுருதியை வைத்துக்கொண்டு, இன்றைக்குப் பாடும் பையனிடம் "உனக்கு ஒன்றரைக் கட்டைதானா" என்று கேட்பது நியாயமில்லை.

அமெரிக்க ப்ளூஸ் ரசிகர்களிடமும் இதே வழக்கு நடந்தது. ராபர்ட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர் 1936இலும் 1937இலும் டெக்சாஸில் பதிவு செய்தவை மொத்தம் 29 பாட்டுகள். மறு வருஷம் இறந்துபோனார். அந்தத் தட்டுகள் வேகமாக ஓடுகின்றன, அவருடைய நிஜக் குரல் இன்னும் கீழே என்று சிலர் கிளப்பினார்கள். அந்த இசையை ஆய்ந்தவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அவரைப் பற்றி இன்னும் பெரிய கதையும் உண்டு: நள்ளிரவில் நாற்சந்திக்குப் போய்ச் சாத்தானிடம் ஆத்மாவை விற்றுக் கிதார் வித்தையை வாங்கிவந்தாராம். அந்தக் கதை முதலில் சொல்லப்பட்டது டாமி ஜான்சன் என்ற வேறொரு ப்ளூஸ் பாடகரைப் பற்றி. ராபர்ட்டோ, ஐக் சிம்மர்மன் என்ற மூத்த கிதார்க்காரரிடம் இருந்து கற்றுக்கொண்டவர். நம்மூர் மொழியில் சொன்னால் குருகுலவாசம். குருவின் பெயரை மறந்துவிட்டு வரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது எல்லா ஊர் ரசிகருக்கும் பொது.

ராபர்ட் ஜான்சன் இறந்தது 27 வயதில். கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கும் 27தான். அவ்வளவு சின்ன வயதில் போனவர்களைப் பற்றிக் கதை வளராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"மைக் வந்தது, சங்கீதம் போனது"

இதில் பாதி எனக்குச் சம்மதம். இன்றைக்குப் பெரிய சபாக்களில் முதல் பத்து நிமிஷத்தைக் கவனியுங்கள். பாடகர் ஒரு கையால் தாளம் போட்டுக்கொண்டே மற்றொரு கையின் ஆள்காட்டி விரலை மேலே காட்டுவார். மிருதங்கக்காரர் தன் பக்கத்து மானிட்டரைக் காட்டித் தலையாட்டுவார். வயலின்காரர் முகத்தைச் சுளிப்பார். மைக்காரர் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாருக்கும் ஏற்றிக்கொண்டே போவார். வர்ணம் முடிவதற்குள் வீல் என்று ஒரு சத்தம் வராமல் இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். பாலக்காடு மணி ஐயர் அறுபதுகளில் மைக் வைத்தால் வாசிப்பதில்லை என்று பிடிவாதமாக நின்றார். மிருதங்கத்தின் நாதத்தை அது கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மறு பாதியை யாரும் பேசுவதில்லை. மைக் இல்லாத நாளில் கனமான, உயரமான சாரீரம் உள்ளவருக்கே பெரிய சபை. சின்னக் குரல் எவ்வளவு விஷயம் தெரிந்ததானாலும் முன்வரிசையைத் தாண்டாது. வீணைக்கு வாசற்படியைத் தாண்ட வழியில்லை. மதுரை மணி ஐயரின் சாரீரத்தை நினைத்துப் பாருங்கள். மேளம் கொட்டுகிற மாதிரி அதிர்வதில்லை, காதோடு பேசுகிற மாதிரி இருக்கும். கோயில் திருவிழாவில் தெரு முனைக்குத் தெரு முனை கட்டிய குழாய் ஒலிபெருக்கிதான் அவருடைய ஸ்வரங்களை ரிக்ஷாக்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. டிக்கெட் வாங்க வழியில்லாதவர்களும், உள்ளே விட யோசிக்கப்பட்டவர்களும், வெளியில் நின்று கேட்டார்கள். மைக்கைத் திட்டும்போது இவர்களையும் ஒரு நிமிஷம் நினைக்கலாம்.

இங்கிலாந்தில் மடி வாட்டர்ஸுக்கு நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். சிகாகோ ப்ளூஸின் பெரிய தலை அவர். 1958இல் மின்சார கிதாரோடு போனார். 'அசல்' ப்ளூஸ் என்றால் மரக் கிதார்தான் என்று நம்பியிருந்த ரசிகர்களில் சிலர் இரைச்சல் என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். சரி என்று, அறுபதுகளின் தொடக்கத்தில் மறுபடி போனபோது மரக் கிதாரை எடுத்துப் போனார். அதற்குள் இளைஞர்களின் ருசி மாறிவிட்டது. மின்சார கிதார் எங்கே என்று கேட்டார்கள்.

மயிலாப்பூரில் சில சின்ன அரங்குகளில் மைக் இல்லாத கச்சேரிகள் இப்போதும் நடக்கின்றன. நூறு பேருக்கு அது போதும். ஆயிரம் பேருக்குப் போதாது. விஷயம் இவ்வளவுதான்.

"அந்தக் காலத்து ரசிகன் மூச்சுவிடாமல் கேட்டான்"

எங்கே? கல்யாணப் பந்தலிலா? பெரிய வித்வான்களின் வருமானத்தில் கணிசமான பகுதி கல்யாணக் கச்சேரிகளிலிருந்தே வந்தது. ஒரு பக்கம் பந்தி, ஒரு பக்கம் சம்பந்தி உபசாரம், குறுக்கே ஓடும் குழந்தைகள், நடுவில் கல்யாணி ராகம். கோயில் உற்சவத்தில் இதைவிட அதிகம். சபாக்களிலும் நிலைமை மெச்சும்படி இல்லை. முப்பதுகளில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆடல் பாடல் பகுதியை எழுதிய கல்கியின் பகடிக்குப் பாடகர்கள் மட்டும் இலக்காகவில்லை. சபைக்காரர்களும் தப்பவில்லை, ரசிகர்களும் தப்பவில்லை.

மூச்சுவிடாமல் கேட்ட ஓர் இடம் நிஜமாகவே இருந்தது. ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் வீணை தனம்மாளின் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீணையை எடுப்பார். ஊரின் தேர்ந்த ரசிகர்களும் வித்வான்களும் போய் உட்காருவார்கள். சின்னச் சத்தமும் அங்கே கூடாது. 1938இல் அவர் மறைந்து எண்பது வருஷம் தாண்டியும் அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், அப்படி ஒரு நிசப்தம் வேறெங்கும் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். விதிவிலக்கை வழக்கமாக்கிவிட்டோம். அவர் பேத்தி பாலசரஸ்வதி அந்த வீட்டில் கேட்டு வளர்ந்தவர் என்பதை அவர் அபிநயத்தில் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"மார்கழி புனிதம், அதனால்தான் டிசம்பர் சீசன்"

மார்கழி விடியலில் பாடுவது பழையதுதான். மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் பஜனை கோஷ்டியோடு சுற்றி வந்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சபா சீசன் அந்த வீதியில் பிறக்கவில்லை. அரசியல் மாநாட்டுப் பந்தலில் பிறந்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதையொட்டி அகில இந்திய சங்கீத மாநாடு ஒன்று நடந்தது. அங்கே எடுத்த முடிவின்படி 1928 ஆகஸ்ட் 18ஆம் தேதி மியூசிக் அகாடமியை சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கி வைத்தார். அந்நாளில் காங்கிரஸ் ஆண்டுக் கூட்டம் டிசம்பர் கடைசியில் நடந்ததற்குக் காரணம், தலைவர்களில் பாதிப் பேர் வக்கீல்கள். கிறிஸ்துமஸுக்குக் கோர்ட் விடுமுறை. ஆக, மார்கழி சீசனுக்காக ஏசுநாதர் பிறந்தநாள் விடுமுறைக்கும் நாம் கொஞ்சம் கடமைப்பட்டிருக்கிறோம். இதைச் சொன்னால் கேன்டீனில் என்னோடு காபி சாப்பிட்டவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

கச்சேரி பத்ததியும் அப்படித்தான். வர்ணம், சில கிருதிகள், ஒரு பெரிய உருப்படி, தனி, ராகம் தானம் பல்லவி, பிறகு துக்கடாக்கள், மங்களம் என்று வரும் வரிசையைத் தியாகராஜர் காலத்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை இப்படி ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்திய பெருமை அரியக்குடிக்கு. நூறு வருஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். வயலினும் பரம்பரைச் சொத்தில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்டு வந்தது.

"ராஜரத்தினம் பிள்ளை தோடியை விடிய விடிய வாசித்தார்"

மிகை என்று உதறிவிடத் தோன்றும், ஆனால் இது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையை இன்று நாம் கேட்பது தட்டில். இரண்டு பக்கமும் சேர்த்து ஆறேழு நிமிஷத் தோடி. அதைக் கேட்டவருக்கு மணிக்கணக்கில் வாசித்தார் என்பது கட்டுக்கதையாகத்தான் படும். நாகஸ்வரம் பிறந்து வளர்ந்த இடம் சபா மேடை இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். சாமி புறப்பாட்டில், நான்கு வீதியும் சுற்றி, ராத்திரி முழுக்க வாசிக்க வேண்டிய வாத்தியம் அது. சாமி நிற்கும் இடத்தில் ஆலாபனை. நகர்ந்தால் கூடவே நகரும். அடுத்த முனையில் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிப்பது அந்த மரபில் சாதாரணம்; அந்தத் தோடிதான் அசாதாரணம்.

சபா ரசிகரின் நினைவு தடுமாறும் இடமும் இதுவே. இரண்டரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கிக் கேட்டுப் பழகியவர் வீதியை அளக்கும்போது அளவுகோல் பொருந்துவதில்லை. கர்நாடக சங்கீதம் என்றாலே மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, அதிலும் ஒரு சாரார் சொத்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, சொந்தம் கொண்டாடுபவர்களும் வெறுப்பவர்களும் சேர்ந்து காப்பாற்றிவரும் நம்பிக்கை, அதற்கும் இதே பதில். நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் ராத்திரியெல்லாம் தெருவில் நின்ற கூட்டம் எந்தச் சபாவிலும் உறுப்பினர் இல்லை. மதுரை சோமு கிராமத்துக் கோயில் திருவிழாக்களில் பாடியபோது எதிரில் மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சீசன் டிக்கெட் என்றால் என்னவென்று தெரியாது.

பட்டத்தை வைத்து அளப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராஜரத்தினம் பிள்ளை சங்கீத கலாநிதி இல்லை. புல்லாங்குழல் மாலி இல்லை. எம்.டி. ராமநாதன் இல்லை. லால்குடி ஜெயராமன் இல்லை. அந்தப் பட்டம் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்ததே 1968இல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு.

"மாலி வரமாட்டார்"

மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது அவர் வராமல் போன கச்சேரிகள், பாதியில் எழுந்து போன கச்சேரிகள். நடந்தவைதான். அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு கதை இருப்பதைப் பார்த்தால் அவர் வாசித்ததே இல்லை என்று தோன்றிவிடும். ஏழு வயதில், 1933இல், மயிலாப்பூரில் தியாகராஜ உற்சவத்தில் மேடையேறிய பையன், புல்லாங்குழலில் வாய்ப்பாட்டின் கமகத்தைக் கொண்டுவந்தார். ஊதும் விதத்தையும் விரல் வைக்கும் விதத்தையும் மாற்றினார். சிஷ்யர் என். ரமணி வழியாகவும் வேறு வழிகளிலும் பின்னால் வந்த குழல்காரர்கள் பெரும்பாலும் அந்த வழியிலேயே போனார்கள். வராத ஒருவரால் இவ்வளவு நடக்காது. வராத நாளுக்குக் கதை உண்டு. ஒழுங்காக வந்து மூன்று மணி நேரம் வாசித்துவிட்டுப் போன நாளைப் பற்றிச் சொல்ல, "அபாரம்" என்பதைத் தாண்டி ரசிகருக்கு வார்த்தை கிடைப்பதில்லை. அதனால் கதை ஜெயிக்கிறது.

வராமல் போனவருக்கு அடுத்த வருஷமும் டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. ஜனங்கள் முட்டாள்களா என்ன?

"கச்சேரி ரசிகர் வேறு, சினிமாப் பாட்டு ரசிகர் வேறு"

தேனாம்பேட்டைக்காரர்களுக்கு இது எடுபடாது. காமராஜர் அரங்கத்தில் மெல்லிசைக் கச்சேரியும் உண்டு, நாடகமும் உண்டு. 2005 முதல் லக்ஷ்மன் ஸ்ருதி நடத்தும் 'சென்னையில் திருவையாறு' அங்கேதான் பெயர் வாங்கியது. மெல்லிசைக் குழு நடத்தும் டிசம்பர் கர்நாடக விழா என்று முதலில் சிலர் மூக்கைச் சுளித்தார்கள். பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கூட்டமாக உட்கார்ந்து பாடுவதோடு தொடங்கும் அந்த விழாவுக்கு, பெரிய சபாக்களின் படியேறத் தயங்கியவர்களும் குடும்பத்தோடு வந்தார்கள்.

அப்படி மூக்கைச் சுளிக்கச் சரித்திரம் இடம் கொடுக்கவில்லை. ஜி.என்.பி.யும் எம்.எஸ்ஸும் 1940இல் 'சகுந்தலை' படத்தில் ஜோடியாக நடித்தவர்கள். தண்டபாணி தேசிகர் நந்தனாராக வந்தார். கே.பி. சுந்தராம்பாளும் ஒரு படத்தில் நந்தனாராக ஆண் வேடம் போட்டார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. தியேட்டரில் கேட்ட காதும் சபாவில் கேட்ட காதும் ஒரே தலையில் இருந்தவை. 'ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே' பாட வேண்டும் என்று மெல்லிசை ரசிகர் எதிர்பார்ப்பதைக் குறை சொல்கிறோம். எம்.எஸ். மேடையில் ஒரு மீரா பஜனை பாடினால் தட்டில் இருந்த சங்கதி அப்படியே வர வேண்டும் என்று சபா ரசிகரும் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒலிப்பதிவே இல்லாதவர்கள் பாடு வேறு. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை 1934இல் மறைந்தார். கிராமபோன் கம்பெனிகளுக்கு அவர் பிடிகொடுக்கவில்லை. அவருடைய லய வித்தை, மேடை நிறையத் தாள வாத்தியக்காரர்களை உட்கார்த்தி நடத்திய 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகள் எல்லாம் கேட்டவர்கள் சொன்னதால் மட்டுமே நமக்குத் தெரியும். சிறுமியாக அவரைக் கேட்ட டி.கே. பட்டம்மாள் பிற்காலத்தில் பல்லவி பாடியதில் அதன் சாயலைக் கண்டவர்கள் உண்டு. ரசிகர் நினைவை ஒரேயடியாகத் தள்ளிவிட்டால் நாயனா பிள்ளை என்ற ஒருவர் இருந்ததற்கே தடயம் இராது. அதனால் நினைவை நம்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் தேதி ஒன்று இருந்தால் அதற்கு பலம் கூடும்.

வரும் டிசம்பரில் கச்சேரிக்குப் போகிறவர்கள் ஒரு சின்ன வேலை செய்யலாம். தேதி, இடம், பாடியவர், வயலின், மிருதங்கம், கடம் அல்லது கஞ்சிரா வாசித்தவர்கள் பெயர், பாடிய உருப்படிகளின் வரிசை ஆகியவற்றை அன்றைக்கு ராத்திரியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மறுநாள் எழுதினால் பக்கவாத்தியக்காரர் பெயர் போய்விடும். அதுதான் முதலில் மறக்கும். வீட்டுப் பரணில் தாத்தாவின் ஸ்பூலோ கேசட்டோ இருந்தால் பூசணம் பிடிப்பதற்குள் இறக்குங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, மியூசிக் அகாடமியில் டேக் டிஜிட்டல் இசைக் காப்பகம் இருக்கிறது, போய் விசாரியுங்கள். டேப்பைக் கொடுக்கும்போது லேபிளைக் கிழித்துப் புதிதாக எழுதி ஒட்டாதீர்கள். கேள்விக்குறி போட்டிருந்தால் அந்தக் கேள்விக்குறியோடு அப்படியே கொடுங்கள்.